முதுகு காட்டி நிற்கும் பெண்கள்

பாபநாசம்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள பூவிழிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா போனதிலிருந்து உன் அழைப்பு எதையும் எடுக்காதவன் திடீரென்று மின்னஞ்சல் அனுப்புவது உனக்கு விநோதமாக இருக்கலாம். தொலைபேசியில் நான் நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறொன்று. எழுதினால் அடித்துத் திருத்தலாம். இதையே பல முறை அடித்துத் திருத்தியிருக்கிறேன். அப்படியும் சரியாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை.

நீ வேலை செய்த 'ஆஷ் மான்சூன்' விளையாட்டை வாங்கினேன். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஃபாஜில்தான் என் பெயரில் கணக்குத் தொடங்கி இறக்கிக் கொடுத்தார். "சார், இது துப்பாக்கி கேம். உங்களுக்கு செஸ் மாதிரி ஏதாச்சும் போட்டுத் தரவா?" என்று கேட்டார். "இது என் மகள் வேலை செய்தது" என்றேன். என் கணினி ஓய்வூதிய வேலைகளுக்காக வாங்கியது, இந்த விளையாட்டை அது தாங்காது என்றார். படத்தின் தரத்தை ஆகக் கீழே இறக்கி வைத்த பிறகு திக்கித் திக்கி ஓடியது. மூன்றாவது கட்டம் வரை அவரே ஆடிக் காட்டினார்.

மூன்றாவது கட்டத்தில் நம் தெரு இருந்தது.

மேல்நிலைத் தொட்டி இருந்தது. நம் வீட்டு நீலக் கதவு இருந்தது. நீ போன முறை வந்தபோது ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்தாயே, வீட்டுத் திட்டத்துக்குக் கணக்கெடுக்கிறாய் என்று நினைத்து ஆளாளுக்கு ரேஷன் கார்டோடு வாசலில் வந்து நின்றார்களே, அந்தச் சுவர்கள் அத்தனையும் இருந்தன. அவற்றில் குண்டு பாய்ந்து காரை உதிர்ந்தது. தெருவுக்குப் பின்னால் வயல் இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்டுத் தரை போல ஒரு பழுப்பு வெளி. ஒரு நாற்று இல்லை, ஓர் ஆள் இல்லை.

காசு கொடுக்கிற எவனும் வந்து சுடுவதற்கு நம் தெருவைக் கொடுத்திருக்கிறாய். இதை முடிப்பதற்காகத்தான் அம்மாவின் முகத்தைப் பார்க்கக்கூட வரவில்லை.

விற்பனைத் தளத்தில் ஆட்டக்காரர்கள் எழுதியிருக்கும் கருத்துகளையும் தேதி வரிசைப்படி படித்து வருகிறேன். பெரும்பாலானவர்கள் பரிந்துரைக்கவில்லை என்றே குறித்திருக்கிறார்கள். மூன்றாவது கட்டம் வந்ததும் தன் கம்ப்யூட்டர் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுகிறது என்கிறார் ஒருவர். படம் நகரவில்லை, ஃபோட்டோ ஆல்பம் புரட்டுவது போல இருக்கிறது என்கிறார் இன்னொருவர். 'இந்தக் குப்பத்தை இத்தனை அழகாக வரைய வேண்டுமா?' என்று ஒரு கேள்வி. அதைப் படித்துவிட்டு அன்று மேலே படிக்கவில்லை.

உன் தொழில் எனக்குத் தெரியாது. தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்.

அப்பா
ரெத்தினம்


மால்மோ
சுவீடன்
10 பிப்ரவரி

அப்பா,

இத்தனை நாள் கழிச்சு நீங்க எழுதினதே போதும்னு முதல்ல தோணுச்சு. ரெண்டாவது தடவை படிச்சப்ப கோவம் வந்துடுச்சு.

நீங்க லோ செட்டிங்ல பார்த்திருக்கீங்க. அப்படிப் பார்த்தா அது நான் செஞ்சதே இல்ல. கம்ப்யூட்டர் தாங்கலைன்னா கேம் தானாவே சிலதை எடுத்துடும். முதல்ல தண்ணியில விழற வானத்தை எடுக்கும். அப்புறம் புல்லு, நாத்து. அப்புறம் தூரத்துல இருக்கிற ஆளுங்க. சண்டைக்கு வேண்டாதவங்க யாரோ அவங்களைத்தான் முதல்ல எடுக்கும். நம்ம தெருவை யாரும் சும்மா சுடல, அந்தக் கட்டத்துல ஆடுறவன் தெருவைக் காப்பாத்தணும். ஃபாஜில் பாதியில நிறுத்திருப்பார்.

தெருவுக்குப் பின்னால வயல் இருக்குப்பா. தண்ணி கட்டின வயல். அதுல பொம்பளைங்க நடவு நடுறாங்க. சண்டை ஒரு பக்கம் நடக்குது, அவங்க பாட்டுக்கு நட்டுக்கிட்டிருக்காங்க. அதுல ஒருத்தவங்க அம்மா.

இதை யார்கிட்டயும் சொல்லல. அம்மா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில இருந்த வாரம் நான் செஞ்சுக்கிட்டிருந்தது அதைத்தான். டிக்கெட் போட்டு வச்சிருந்தேன். ரெண்டு நாள்ல முடிச்சுட்டுக் கிளம்பிடலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள நீங்க போன் பண்ணி "முடிஞ்சுடுச்சும்மா, சாயங்காலம் எடுக்குறோம்"னீங்க. ஒரு நாள் வச்சிருங்கப்பான்னு கெஞ்சினேன். ஃப்ரீசர் பாக்ஸ் கும்பகோணத்துலேர்ந்து ஒரு மணி நேரத்துல வந்துடும். நீங்க வைக்கல. எடுத்ததுக்கு அப்புறம் யாரைப் பார்க்க வரணும்?

கருத்தெல்லாம் படிக்காதீங்க. நாங்களே அதைப் படிச்சுட்டுத் தூங்குறதில்ல.

பூவிழி


பாபநாசம்
22 பிப்ரவரி 2025

அன்புள்ள பூவிழிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் துணிவு வர இத்தனை நாள் ஆயிற்று.

பெட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அது சம்பா நடவு உச்சத்தில் இருந்த வாரம். சாவு விழுந்தால் எடுக்கும்வரை நம் தெருவிலிருந்து யாரும் வயலில் இறங்க மாட்டார்கள். நாற்று பறித்து முடி முடியாகக் கட்டி வயல்களில் விசிறியாகிவிட்டது; நடாமல் கிடந்தால் வாடிவிடும். அம்மாவோடு நடவுக்குப் போகும் செட்டு முழுவதும் சேறு காயாத காலோடு வாசலில் நின்றது. "என் பொண்ணுக்காக இன்னொரு நாளும் சும்மா இருங்கள்" என்று அவர்களிடம் கேட்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. ஒருவேளை அவர்கள் சரி என்றே சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவே இல்லை.

அம்மாவைப் பார்ப்பது எப்படி என்று ஃபாஜிலிடம் விசாரித்தேன். என் கணினியில் எதை மாற்றினாலும் முடியாது என்றார். தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் சாலைப் பக்கம் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறதாம். மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து விளையாடலாம். வெள்ளிக்கிழமை நானே பஸ் ஏறிப் போனேன். மாடிப்படி ஏறிக் கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த பையன்களில் ஒருவன், "தாத்தா, பேரனைத் தேடி வந்தீங்களா?" என்றான். எனக்கு "ஆமாம்" என்று வந்துவிட்டது. "பேர் சொல்லுங்க, கூப்பிடுறேன்" என்றான். இல்லாத பேரனை நான்கு வரிசையிலும் தேடுவது போலப் பார்த்துவிட்டு, "இங்கே இல்லை போலிருக்கிறது" என்று சொல்லி இறங்கி வந்துவிட்டேன். அடுத்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பினேன்.

கருத்துகளைப் படிக்க வேண்டாம் என்றாய். நிறுத்த முடியவில்லை. இப்போது அந்தப் பெண்களைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் தேடிப் படிக்கிறேன். உனக்குத் தெரிந்திருக்கும். 'சுட முடியாது, பேச முடியாது, முதுகு காட்டி நிற்கும் பெண்களுக்கு என் கிராஃபிக்ஸ் கார்டின் பாதி சக்தி போகிறது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு ஆயிரக்கணக்கில் ஆமாம் போட்டிருக்கிறார்கள். வேறு ஒருவர் மட்டும், தோட்டா தீர்ந்த பிறகு கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றதாக எழுதியிருக்கிறார். அவர் எந்த நாடு என்று போடவில்லை. போட்டிருந்தால் ஒரு வரி எழுதியிருப்பேனோ என்னவோ. எழுதியிருக்க மாட்டேன்.

அப்பா


மால்மோ
3 மார்ச்

அன்புள்ள அப்பா,

இல்லாத பேரனைத் தேடினதைப் படிச்சு ஆபீஸ்ல சத்தமாவே சிரிச்சுட்டேன். பக்கத்துல இருக்கிறவ என்னன்னு கேட்டா. அவளுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

சிரிப்பு அதோட போச்சு. இன்னிக்கு மீட்டிங். பதினெட்டாம் தேதி பெரிய அப்டேட் வருது. அதுல அந்தப் பொம்பளைங்களை எடுக்குறாங்க. லோவுல மட்டும் இல்ல, எல்லாத்துலயும். வயல்ல தண்ணி மட்டும் இருக்கும். எதுத்துப் பேசினேன். "ஆடுறவங்க கேக்குறாங்க பூவி"ன்னு சொல்லிட்டு ஒரு கிராஃபைக் காட்டினாங்க. கிராஃப் சரியாத்தான் இருந்துச்சு. அவங்க இருக்கிற வரைக்கும் பாதிப் பேர் கம்ப்யூட்டர்ல கேம் தடுக்கி விழுது.

நீங்க அதுக்குள்ள போய்ப் பாருங்கப்பா. ஃபாஜிலைக் கூட்டிட்டுப் போங்க. தெரு முனையில தொட்டிக்குப் பக்கத்துல நின்னு பார்த்தா நேரா தெரியும். இடப்பக்கத்துலேர்ந்து மூணாவது ஆள்.

அதை எப்படிச் செஞ்சேன்னு சொல்றேன். அசைவைப் பதிவு பண்றதுக்கு ஒரு டிரஸ் இருக்கு, உடம்பெல்லாம் பொத்தான் வச்சது. நடிக்க ஆள் கூப்பிடுறோம்னாங்க. நான் விடல, நானே போட்டுக்கிட்டேன். ஒரு காலி ரூம்ல தரையில டேப் ஒட்டி, கையில ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா கட்டு வச்சுக்கிட்டு, நாள் பூரா குனிஞ்சு நட்டேன். ராத்திரி இடுப்பை நிமித்த முடியல. அம்மா தினம் அப்படித்தானே வந்து படுத்தாங்கன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது.

எனக்கு நடவு தெரியாதுப்பா. நீங்க என்னை வரப்புலகூட இறங்க விட்டதில்ல. ஸ்கூல் வேன் ஜன்னல் வழியா பார்த்ததை வச்சுத்தான் செஞ்சேன். இங்க யாருக்கும் அம்மாவைத் தெரியாது. சரியா இருக்கா, அது அவங்கதானான்னு சொல்ல உலகத்துல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. பார்த்துட்டு உள்ளதைச் சொல்லுங்க. நல்லா இருக்குன்னு சும்மா சொல்லாதீங்க.

பூவிழி


பாபநாசம்
13 மார்ச் 2025

அன்புள்ள பூவிழிக்கு,

நேற்று ஃபாஜிலோடு போய்ப் பார்த்துவிட்டேன்.

அந்த இடத்தை நடத்துபவர் பெயர் பிரபு. என்னை நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டு, "ஐயா, யாரை வேணா சுடுங்க, யார்கிட்ட வேணா சாவுங்க. ஹெட்போனை மட்டும் கீழ போட்டுடாதீங்க" என்றார். என் கணக்கிலேயே நுழைந்தோம். தரத்தை உச்சத்தில் வைத்தார். மூன்றாவது கட்டம் வரை ஃபாஜில் கொண்டுவந்துவிட்டு எழுந்துகொண்டார்.

நம் தெருவுக்குள் அடி எடுத்து வைத்தேன். என் கணினியில் பார்த்ததும் இதுவும் ஒன்றல்ல. தொட்டியிலிருந்து ஒழுகும் நீர் சுவரில் பாசியாகப் படிந்திருக்கிறது. கதவின் நீலத்துக்கு அடியில் பழைய பச்சை தெரிகிறது. உன்னைப் பற்றி எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வயல் பக்கம் திரும்பினேன். திரும்பியதும் யாரோ சுட்டுவிட்டார்கள். மறுபடி தொடக்கம். மறுபடி போய் நின்றேன், மறுபடி சுட்டார்கள். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. "தாத்தா, குனிங்க!" "தாத்தா, எதிரி இந்தப் பக்கம், நீங்க எங்க பாக்குறீங்க?" "விடுடா, அவருக்கு வயசாயிடுச்சு, சாகட்டும்." கடைசியில் பிரபுவுக்கே பொறுக்கவில்லை. பக்கத்து இயந்திரத்தில் உட்கார்ந்து உள்ளே வந்து, என் முதுகுக்குப் பின்னால் நின்று வருபவர்களைச் சுட்டுக்கொண்டே இருந்தார். "நீங்க பாருங்கய்யா, நான் பாத்துக்குறேன்" என்றார்.

அப்போது பார்த்தேன். வயல் நிறைய வானம். அதில் வரிசையாகக் குனிந்த பெண்கள். இடமிருந்து மூன்றாவது ஆளை நீ சொல்லியிருக்கவே வேண்டாம். தலையில் சுற்றிய துண்டின் நுனியைக் காதுக்குப் பின்னால் செருகியிருப்பது அவள். மற்றவர்கள் நிமிராத நேரத்தில் தனியாக நிமிர்ந்து, புறங்கையை இடுப்பில் ஊன்றி, யாரையும் பார்க்காமல் சற்று நின்று, மறுபடி குனிவது அவள். உன் உடம்பில் அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. அது அம்மாதான்.

அவர்கள் நட்டுக்கொண்டே முன்னால் போனார்கள். போய்க்கொண்டே இருந்தார்கள். நேரம் முடியும்வரை பார்த்தேன்.

எல்லாம் சரியாக இருக்கிறது, கண்ணு. குறை ஒன்றும் சொல்வதற்கில்லை.

அப்பா


மால்மோ
19 மார்ச்

அப்பா,

நேத்து அப்டேட் போயிடுச்சு.

அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லணும். உங்க லெட்டர் வந்த தைரியத்துல வெள்ளிக்கிழமை மறுபடி போய்க் கேட்டேன். ஒரே ஒரு வரிசையை, அல்ட்ராங்கிற ஆக உசந்த செட்டிங்ல மட்டும் வச்சுக்கலாமான்னு. எங்க டீம் லீட் கொஞ்சம் இறங்கி வந்தாங்க. "திங்கக்கிழமை சொல்றேன்"னாங்க.

சனிக்கிழமை ஒரு கருத்து வந்துச்சு. குடவாசல்காரர், இப்ப ஷார்ஜாவுல இருக்காராம். இங்கிலீஷ்ல எழுதியிருந்தார். 'நடவு நடுறவங்க பின்னாலதான் நகருவாங்க. இவங்க முன்னால போறாங்க, நட்டதை மிதிச்சுக்கிட்டே. இவ்வளவு செலவு பண்ணினவங்க ஒரு விவசாயியைக் கேட்டிருக்கக் கூடாதா?' லீட் அதைப் பிரிண்ட் எடுத்தே வச்சிருந்தாங்க. "கனமாவும் இருக்கு, தப்பாவும் இருக்கு. எதைச் சொல்லி நான் வச்சுக்க?"ன்னாங்க.

நகர்ற திசையைத் திருப்புறது ஒரு நாள் வேலைப்பா. உங்க லெட்டர் வந்தப்ப எனக்கு நாலு நாள் இருந்துச்சு.

நீங்க பார்த்தீங்க. நேரம் முடியுற வரைக்கும் பார்த்தீங்க. உள்ளதைச் சொல்லுங்கன்னுதானே கேட்டேன்?

இன்னொண்ணு. அந்தக் கருத்துக்குக் கீழ ஞாயித்துக்கிழமை ஒருத்தர் தமிழ்ல எழுதியிருக்கார். 'எங்கள் ஊரில் முன்னோக்கித்தான் நடுவோம். ரெத்தினம், பணி நிறைவு பெற்ற தலைமையாசிரியர், பாபநாசம்.' பக்கத்துலயே மொத்தம் ஆடின நேரம் ஒரு மணி சொச்சம்னு காட்டுது. ஊரே கூடி சிரிச்சுக்கிட்டிருக்கு. அதை அழிச்சிடுங்க. என்னால பார்க்க முடியல.

எது சரின்னு எனக்கு மட்டுமாவது சொல்லுங்க.

பூவிழி


பாபநாசம்
23 மார்ச் 2025

அன்புள்ள பூவிழிக்கு,

குடவாசல்காரர் சொன்னதுதான் சரி. பின்னோக்கித்தான் நடுவார்கள். குனிந்தபடி கைக்கு எட்டுகிற தூரத்தில் நட்டுவிட்டு ஓர் அடி பின்னால் வைப்பார்கள். நட்ட பயிர் முகத்துக்கு முன்னால் இருக்கும், வெறும் சேறு முதுகுக்குப் பின்னால் இருக்கும். வரப்பில் நிற்பவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வருவார்கள். நீ செய்ததில் விலகிப் போகிறார்கள். ஓடுகிற வேனிலிருந்து பார்த்தால் அவர்கள் எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று தெரியாது. அது உன் குற்றமில்லை.

எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் இதை எப்படி எழுதுவது என்றே யோசித்தேன். எப்படியும் எடுத்துவிடப் போகிறார்கள், அவள் அம்மாவைச் சரியாகச் செய்தோம் என்ற நினைப்பாவது அவளிடம் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். நீ இன்னொரு முறை போய்க் கேட்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லாததால் உனக்கும் இருக்காது என்று நினைத்துவிட்டேன்.

அவர் எழுதியதைச் சனிக்கிழமையே படித்தேன். ஞாயிறு காலையில் பதில் எழுதினேன். நான் ஒருவரை மறுத்து எழுதியது அதுதான் முதல் தடவை. அதுவும் பொய். என் பெயரையும் வேலையையும் போட்டால் நம்புவார்கள் என்று நினைத்தேன். பதில்களை எல்லாம் படித்தேன். 'சார், எந்தப் பாபநாசம்? திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறதே, அதுவா?' என்று ஒருவர். 'உங்க ஊர்ல அறுப்பை வேர்லேர்ந்து ஆரம்பிப்பீங்களா?' என்று ஒருவர். 'ஹெட்மாஸ்டரே, இன்னும் ஒரு மணி நேரம் ஆடிட்டு வாங்க' என்று ஒருவர். குடவாசல்காரர் மட்டும் மரியாதையாக எழுதியிருக்கிறார்: 'ஐயா, என் அம்மாவும் நடவுக்குப் போனவங்கதான். வயலில் கால் வைத்த யாரும் நீங்கள் சொல்வதைச் சொல்ல மாட்டார்கள்.' அவரிடம் மன்னிப்புக் கேட்க ஆசை. கேட்டால் நீ செய்தது தவறு என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நேற்று மறுபடி தஞ்சாவூர் போனேன். பிரபு காசு வாங்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீர் மட்டும் இருந்தது. படம் இப்போது தடங்கல் இல்லாமல் நகர்கிறது. பின்னால் நின்ற பையன்கள், "இப்பதான் கேம் உருப்படியா ஓடுது" என்று பேசிக்கொண்டார்கள். உண்மைதான். என் கைக்கே வித்தியாசம் தெரிந்தது.

அழிக்கச் சொல்கிறாய். அழிக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று ஃபாஜில் காட்டிக் கொடுத்துவிட்டார். இரண்டு நாளாக அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். அப்டேட் வருவதற்கு முன்னால் நீ கேட்டிருந்தால் உடனே அழுத்தியிருப்பேன். ஆனால் அப்டேட்டுக்குப் பிறகு அந்தப் பெண்களைப் பற்றி யாரும் புதிதாக எழுதுவதில்லை. முன்னால் எழுதியவர்களும், 'சரி செய்துவிட்டார்கள்' என்று தங்கள் கருத்தைப் பரிந்துரைக்கிறேன் என்று மாற்றி வருகிறார்கள். அங்கே அவர்கள் நடவு நட்டார்கள் என்பதற்குச் சாட்சியாக இப்போது அந்தப் பக்கத்தில் ஓயாமல் நடப்பது, என்னை வைத்து நடக்கும் அந்தச் சண்டை ஒன்றுதான். அது நிற்கட்டும். இந்த ஒன்றில் உன் பேச்சைக் கேட்க முடியவில்லை, மன்னித்துக்கொள்.

இன்று காலை அதில் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். விளையாட்டை இந்த வாரம்தான் வாங்கினாராம். 'எந்தப் பெண்கள்? அங்கே வெறும் தண்ணீர்தானே இருக்கிறது?' என்று கேட்டிருக்கிறார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்கிறார். அவருக்குப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இன்னும் ஒரு வரிகூட வரவில்லை.

அப்பா